‘ஒன்லி’க்குள் ஒளிந்திருக்கும் ‘இல்லை’

தொலைபேசி வழியாக நடந்த ஒரு வேலை நேர்காணலில், ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் ‘ஐ ஆம் ஃப்ரம் மதுரை ஒன்லி’ என்று விடை சொன்னார். அவர் மனத்தில் இருந்தது ‘மதுரைதான்’ என்ற தமிழ்ச் சொல். மறுமுனையில் இருந்தவர் வெளிநாட்டுக்காரர். அவருக்குக் கேட்டதோ ‘மதுரை மட்டும், வேறு ஊர் எதுவும் இல்லை’ என்பது. ஒருவருக்குச் சொந்த ஊர் ஒன்றுதானே இருக்கும், அதில் ‘மட்டும்’ எதற்கு என்று அவர் ஒரு கணம் தயங்கி, கேள்வியை மறுபடி கேட்டார். இளைஞர் அதே விடையை இன்னும் அழுத்திச் சொன்னார். இருவரும் நல்லெண்ணத்தோடு பேசினார்கள், இருவருக்கும் ஆங்கிலம் தெரியும். இருந்தும் ஒரு சிறு சொல் இடையில் நின்றுவிட்டது. அந்தச் சொல்லின் பொருள்களையும், அதை வாக்கியத்தில் வைக்கும் இடத்தையும், அதற்கு மாற்றாக வரும் சொற்களையும் தமிழ் வழியாகவே விளக்க முயல்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் ஓசைப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘ஒன்லி’யின் பொருள் பல இடங்களில் எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது, ஆகவே அவற்றை வாய்விட்டு வாசிப்பது நல்லது.

குழப்பத்தின் வேர் நம் மொழியின் வளத்தில் இருக்கிறது. தொல்காப்பியத்தின் இடையியல், ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து பொருள்களைச் சொல்கிறது. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்குகிறது. இவற்றில் நமக்கு இங்கே வேண்டியவை பிரிநிலையும் தேற்றமும். ‘அவருள் இவனே கள்வன்’ என்பது பிரிநிலை: ஒரு கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்தெடுத்து மற்றவர்களை விலக்குகிறது. ‘உண்டே மறுமை’ என்பது தேற்றம்: யாரையும் எதையும் விலக்காமல், சொன்னதை உறுதிப்படுத்துகிறது. இன்றைய பேச்சில் ‘ஏ’ செய்த வேலையில் பெரும்பகுதியை ‘தான்’ எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே முகத்தோடு செய்கிறது. ‘ரவிதான் வந்தான், வேறு யாரும் வரவில்லை’ என்பதிலும் ‘தான்’. ‘ஆமாம், வந்தது ரவிதான்’ என்பதிலும் ‘தான்’. ஆங்கில ‘ஒன்லி’யோ பிரிநிலைக்கு மட்டும் உரிய சொல். தேற்றத்துக்கு ஆங்கிலத்தில் வேறு வழிகள் இருக்கின்றன. பள்ளியில் ‘தான்’ என்றால் ‘ஒன்லி’ என்று ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு எல்லாத் ‘தானு’ம் ‘ஒன்லி’ ஆகிவிடுகிறது.

இது தமிழர்களுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. இந்தியிலுள்ள ‘ஹீ’ என்ற இடைச்சொல்லும், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றிலுள்ள ஏகாரமும் இதே போல இரட்டை வேலை செய்வதால், ‘வீ ஆர் லைக் திஸ் ஒன்லி’ என்ற வாக்கியம் இந்தியா முழுவதும் புரிகிறது. நம்மவர்களுக்குள் பேசும்போது அதைப் பிழை என்று சொல்லித் திருத்த வேண்டிய தேவை இல்லை என்றே நான் நினைக்கிறேன். அது இந்த மண்ணில் வேர்விட்ட ஆங்கிலம். ஆனால் தேர்விலும், ஒப்பந்தத்திலும், வெளிநாட்டவரோடு பேசும் அலுவலகப் பேச்சிலும் அதே வாக்கியம் வேறு பொருளைத் தரும் என்பதை அறிந்து, தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘லீக்’ என்றால் போன்றது. இரண்டும் சேர்ந்த ‘ஆன்லீக்’ என்ற சொல்லே காலப்போக்கில் ‘ஒன்லி’ ஆயிற்று. ஒன்று என்ற எண்ணை ஆங்கிலத்தில் இன்று ‘வன்’ என்று ஒலிக்கிறோம். அதே வேரிலிருந்து வந்த ‘ஒன்லி’யும் ‘அலோனு’ம் முன்னால் வகரம் ஏறாத பழைய ஒலியையே காத்துவருகின்றன. முதலெழுத்து உண்மையில் ‘ஓன்லி’ என்று நெடிலுக்கு அருகில் ஒலிக்கும். தமிழில் குறிலாக எழுதும் வழக்கம் பரவிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன், ஒலிக்கும்போது சற்று நீட்டிக்கொள்ளுங்கள். தனிமையைக் குறிக்கும் ‘லோன்லி’ வேறு சொல். அது ‘அலோன்’ என்பதிலிருந்து முதலெழுத்து உதிர்ந்து வந்த ‘லோன்’ என்பதன் வழி பிறந்தது. ‘ஆன் ஒன்லி சைல்ட்’ என்றால் உடன்பிறந்தார் இல்லாத பிள்ளை. ‘எ லோன்லி சைல்ட்’ என்றால் துணையில்லாமல் ஏங்கும் பிள்ளை. முன்னவர் பின்னவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் ‘மட்டும்’ வேறு வழியில் வந்தது. மட்டு என்றால் அளவு, எல்லை. எல்லையைக் குறிக்கும் அந்தப் பழம்பொருள் யாழ்ப்பாணத் தமிழில் இன்னும் பேச்சு வழக்கில் இருக்கிறது. அங்கே ‘ஐந்து மணி மட்டும் வேலை’ என்றால் ஐந்து மணி வரைக்கும் வேலை என்று பொருள். அந்த வாக்கியத்தை ஆங்கிலப்படுத்துகிறவர் ‘ஒன்லி’ போட்டால் கெட்டது. ‘அன்டில் ஃபைவ்’ என்பதே சரி.

மூன்று ‘இல்லை’கள்

‘ஒன்லி’ வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்லாமல் சொல்லப்படும் ஓர் ‘இல்லை’ இருக்கிறது. அதைத் தேடிப் பார்ப்பதுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சோதனை. அந்த ‘இல்லை’ மூன்று வடிவங்களில் வரும்.

முதல் வடிவம் ‘வேறு இல்லை’. ‘ஒன்லி ரவி கேம்’ என்றால் ரவி வந்தான், வேறு யாரும் வரவில்லை. ‘ஷீ ஈட்ஸ் ஒன்லி வெஜிடபிள்ஸ்’ என்றால் அவள் காய்கறி உண்கிறாள், வேறெதையும் உண்பதில்லை. இங்கே தமிழில் ‘மட்டும்’, ‘மட்டுமே’ என்று வைத்தால் பொருள் அப்படியே நிற்கும். ‘வேலையை முடித்தால்தான் போகலாம்’ என்ற நிபந்தனையும் இதில் சேரும்: முடிக்காவிட்டால் போக முடியாது. அது ‘யூ மே கோ ஒன்லி இஃப் யூ ஃபினிஷ் த வொர்க்’.

இரண்டாவது வடிவம் ‘அதற்கு மேல் இல்லை’. ‘இட் காஸ்ட்ஸ் ஒன்லி டென் ருபீஸ்’ என்றால் பத்து ரூபாய்தான், அதற்கு மேல் இல்லை. ‘ஹீ இஸ் ஒன்லி எ பாய்’ என்றால் சிறு பையன்தான், அதற்கு மேல் எதையும் அவனிடம் எதிர்பார்க்காதே என்று பொருள். ‘ஐ வாஸ் ஒன்லி ஜோக்கிங்’ என்பதை நாம் ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்போம். தமிழின் ‘சும்மா’வுக்கு நேரான ஆங்கிலச் சொல் எது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் கிடையாது. இந்த இடத்துக்கு ‘ஒன்லி’ பொருந்துகிறது.

மூன்றாவது வடிவம் ‘அதற்கு முன் இல்லை’. ‘ஹீ கேம் ஒன்லி எஸ்டர்டே’ என்றால் நேற்றுதான் வந்தான், அதற்கு முன் இங்கே இல்லை. ‘ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டேண்ட்’ என்றால் அப்போதுதான் புரிந்தது, அதுவரை புரியவில்லை. இந்த வடிவத்தில் ‘மட்டும்’ வைத்தால் பொருள் கெட்டுவிடும் என்பதைக் கவனியுங்கள். ‘நேற்று மட்டும் வந்தான்’ என்பது வேறு செய்தி: முந்தாநாள் வரவில்லை, இன்றும் வரவில்லை. எனவே ‘தானுக்குப் பதில் மட்டும் போட்டுப் பார்’ என்று சில வகுப்புகளில் சொல்லித்தரும் வழி முதல் வடிவத்துக்குத்தான் உதவும். மூன்றாவதில் அது கைவிட்டுவிடும்.

இப்போது ‘மதுரைதான்’ என்ற விடைக்குத் திரும்புவோம். ‘வேறு ஊர் இல்லை என்பதும் ஓர் இல்லைதானே?’ என்று ஒருவர் கேட்கலாம். விலக்குவதற்குப் பொருள் வர வேண்டுமானால், விலக்கப்படுவதும் கூடவே இருந்திருக்க வாய்ப்பு வேண்டும். ரவியோடு மாலாவும் வந்திருக்கலாம். பத்து ரூபாய் இருபதாகவும் இருந்திருக்கலாம். அவன் போன வாரமே வந்திருக்கலாம். சொந்த ஊர் என்ற கேள்விக்கு அப்படி இன்னொன்று கூடச் சேர இடமில்லை. ஆகவே அந்தத் ‘தான்’ தேற்றம். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஃப்ரம் மதுரை’ என்று சொல்லி நிறுத்துவதே முழு விடை.

தேற்றத்துக்கு ஆங்கிலம் என்ன செய்கிறது

பல இடங்களில் ஒன்றுமே செய்யாமல் குரலை மட்டும் அழுத்துகிறது. அது போதாத இடங்களில் சூழலுக்கேற்ற சொல்லைத் தேர்கிறது. ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் ரைட் ஹியர்’. ‘இப்போதுதான் வந்தேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் ஜஸ்ட் கம்’. ‘ஐ கேம் நவ் ஒன்லி’ என்பது நம் நாட்டுக்கு வெளியே விளங்காது. ‘அதேதான்!’ என்பதற்கு ‘எக்ஸாக்ட்லி’. இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை என்ற பொருளில் ‘சென்னையில்தான் இருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஆம் ஸ்டில் இன் சென்னை’. ‘உண்மைதான், ஆனால்...’ என்று ஒப்புக்கொண்டு மறுக்கும்போது ‘தட் இஸ் ட்ரூ, பட்’ போதும்.

ஆளைச் சுட்டும் ‘தான்’ சற்று நின்று பார்க்க வேண்டியது. ‘அவர்தான் சொன்னார்’ என்பது, யார் சொன்னார் என்ற கேள்விக்கு விடை. அதற்கு ‘ஹீ இஸ் த ஒன் ஹூ டோல்ட் மீ’ என்றோ, ‘இட் வாஸ் ஹிம் ஹூ டோல்ட் மீ’ என்றோ ஆங்கிலம் வாக்கியத்தையே இரண்டாகப் பிரித்து அமைக்கிறது. ‘ஒன்லி ஹீ டோல்ட் மீ’ என்றால், பலர் சொல்லியிருக்க வேண்டும், அவர் ஒருவரே சொன்னார் என்று மற்றவர்கள்மீது குறை படிகிறது. அலுவலகக் கடிதத்தில் இந்த வேறுபாடு தேவையில்லாத மனக்கசப்பை உண்டாக்கிவிடும். வினையைத் தேற்றும் ‘சொல்லத்தான் சொன்னேன்’ என்பதற்கு ‘ஐ டிட் டெல் ஹிம்’. அந்த ‘டிட்’ நம் ‘தான்’ இருக்கும் இடத்தில் நின்று அதே வேலையைச் செய்வது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும்.

எங்கே வைப்பது

தமிழில் ‘மட்டும்’ தான் விலக்க வேண்டிய சொல்லுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும்: ரவி மட்டும், மாலாவுக்கு மட்டும், பத்து ரூபாய் மட்டும். வாக்கியத்தில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் பிசகாது. ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ பொதுவாக முன்னால் நிற்கும். இடம் மாறினால் பொருளும் மாறும். ‘ரவி கேவ் மாலா டென் ருபீஸ்’, அதாவது ரவி மாலாவுக்குப் பத்து ரூபாய் கொடுத்தான் என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஒன்லி ரவி கேவ் மாலா டென் ருபீஸ்’ என்றால் ரவி மட்டும் கொடுத்தான். ‘ரவி கேவ் ஒன்லி மாலா டென் ருபீஸ்’ என்றால் மாலாவுக்கு மட்டும். ‘ரவி கேவ் மாலா ஒன்லி டென் ருபீஸ்’ என்றால் பத்து ரூபாய் மட்டும்.

‘ரவி ஒன்லி கேவ் மாலா டென் ருபீஸ்’ என்று வினைக்கு முன்னால் வைத்தால் என்ன ஆகும்? எழுத்தில் அது பல பொருள்களுக்கு இடம் தரும். பேச்சில் குரல் எதை அழுத்துகிறதோ அதுவே விலக்கும் சொல்: ‘டென்’ என்பதை அழுத்தினால் பத்துதான், ‘மாலா’வை அழுத்தினால் மாலாவுக்குத்தான். ஆங்கிலேயர் பேசும்போது பெரும்பாலும் இந்த நடு இடத்தில்தான் ‘ஒன்லி’யை வைப்பார்கள். அதைப் பிழை என்று கடிந்துகொண்ட இலக்கணக்காரர்கள் இருந்தார்கள். 1926-இல் தம் ஆங்கில வழக்கு அகராதியை வெளியிட்ட ஹென்றி வாட்சன் ஃபௌலர், ‘ஹீ ஒன்லி டைட் எ வீக் அகோ’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, பொருளில் ஐயம் எழாதபோது ‘ஒன்லி’ தனக்கு இயல்பான இடத்தில் நிற்கலாம், அதை வலிந்து நகர்த்த வேண்டியதில்லை என்று வாதிட்டார். ஒருவர் ஒரு வாரத்துக்கு முன் இறந்துதான் போனார், வேறொன்றும் செய்யவில்லை என்று அந்த வாக்கியத்தை யாரும் தவறாகப் படிக்கப்போவதில்லை என்பதே அவர் கருத்தின் சாரம்.

நான் ஃபௌலர் பக்கம்தான். ஆனால் ஆங்கிலத்தைப் பிறந்த மொழியாகக் கொள்ளாத நமக்கு, எழுதும்போது விலக்கும் சொல்லுக்கு நேர் முன்னால் வைப்பதே காப்பான வழி. தேர்வுத்தாளைத் திருத்துகிறவர் நம் குரலைக் கேட்கப்போவதில்லை. பேச்சில் நடு இடத்தில் வைத்து, உரிய சொல்லை அழுத்துங்கள், செயற்கையாக இருக்காது. அந்த நடு இடத்துக்கும் ஒழுங்கு உண்டு: முதன்மை வினை ஒன்றே இருந்தால் அதற்கு முன், துணைவினை இருந்தால் அதற்குப் பின், ‘இஸ்’, ‘வாஸ்’ போன்றவை தனியே வந்தால் அவற்றுக்கும் பின். ‘ஐ ஒன்லி நோ தமிழ்’, ‘ஐ ஹேவ் ஒன்லி சீன் இட் ஒன்ஸ்’, ‘ஷீ இஸ் ஒன்லி டென்’ என்று வரும். ‘இன்’, ‘ஃபார்’ போன்ற முன்னிடைச்சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்கும் முன்னால் ‘ஒன்லி’ நிற்கும்: ‘ஒன்லி இன் சென்னை’. எண் வந்தால் மட்டும் எண்ணுக்கு நேர் முன்னால் வருவதும் இயல்பு: ‘இன் ஒன்லி டூ டேஸ்’.

கடைசியில் வைக்கும் வழக்கமும் ஆங்கிலத்துக்கு உரியதே, ஆனால் அது அறிவிப்புகளின் மொழி. வங்கிக் காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி ‘ஒன்லி’ என்றும், தமிழில் எழுதினால் ‘ரூபாய் ஐந்தாயிரம் மட்டும்’ என்றும் முடிக்கிறோம். அதற்குப் பின்னால் வேறு யாரும் ஒரு சொல்லைக் கூட்டித் தொகையைப் பெருக்கிவிடக் கூடாது என்பதற்காக இடும் வேலி அது. களிம்புக் குழாயில் ‘ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி’ என்று இருக்கும், வெளிப்பூச்சுக்கு மட்டும். பெண்களுக்கான பேருந்து இருக்கையின் மேலும், ஊழியர் மட்டும் நுழையும் கதவின் மேலும் இப்படியே எழுதுகிறார்கள். இந்த அறிவிப்புகளைத் தினம் தினம் பார்ப்பதால், வாக்கியம் முடியும் இடம்தான் ‘ஒன்லி’யின் வீடு என்ற எண்ணம் நமக்கு இன்னும் உறுதிப்பட்டிருக்கலாம். முழு வாக்கியத்தில் அப்படி வைப்பதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

முன்னால் வந்தால் வாக்கியம் திரும்பும்

‘ஒன்லி’ ஒரு நேரத்தையோ நிபந்தனையையோ இழுத்துக்கொண்டு வாக்கியத்தின் தலையில் வந்தால், பின்னால் வரும் முதன்மை வாக்கியத்தில் எழுவாயும் துணைவினையும் இடம் மாறும். ‘ஒன்லி ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட் டிட் வீ கோ அவுட்’, அதாவது மழை விட்ட பிறகுதான் வெளியே போனோம். இங்கே ‘வீ டிட்’ என்பது ‘டிட் வீ’ என்று திரும்பியிருக்கிறது. ஏன் என்று கேட்டால், ஒளிந்திருக்கும் ‘இல்லை’யே காரணம். ஆங்கிலத்தில் ‘நெவர்’ போன்ற எதிர்மறைச் சொற்கள் முதலில் வந்தாலும் இதே திருப்பம் நிகழும். ‘மழை விடும்வரை போகவில்லை’ என்ற எதிர்மறையை உள்ளே சுமப்பதால் ‘ஒன்லி’யும் அவற்றின் கூட்டத்தில் சேர்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய விதி ஒன்று குறையும். ‘ஒன்லி’ எழுவாயையே பிடித்து நின்றால் இந்தத் திருப்பம் இல்லை: ‘ஒன்லி ரவி நோஸ்’ என்பது அப்படியே இருக்கும்.

‘நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ’ என்ற இணை நமக்குப் பழக்கமானதே, ‘மட்டுமல்லாமல்... உம்’ என்று நாம் சொல்வது அதுதான். இதில் நேரும் பிழை, இரண்டு கைகளும் ஒரே அளவில் இல்லாமல் போவது. ‘ஹீ நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்ஸோ தெலுகு’ என்றால் முதல் கையில் வினை இருக்கிறது, இரண்டாம் கையில் மொழிப்பெயர் மட்டும் இருக்கிறது. ‘ஹீ ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்ஸோ தெலுகு’ என்று வினையை வெளியே எடுத்துவிட்டால் சமமாகிவிடும். தமிழில் ‘தமிழ் மட்டுமல்லாமல் தெலுங்கும் பேசுவார்’ என்று இயல்பாகவே சரியாகச் சொல்கிற நாம், ஆங்கிலத்தில் மட்டும் இதில் வழுக்குகிறோம்.

ஏமாற்றும் சேர்க்கைகள்

‘ஒன்லி இஃப்’ நிபந்தனை; ‘இஃப் ஒன்லி’ ஏக்கம். ‘இஃப் ஒன்லி ஐ ஹேட் ஸ்டடிட்!’ என்றால், அன்று படித்திருக்கக் கூடாதா என்ற பெருமூச்சு. கணிதத்தில் வரும் ‘இஃப் அண்ட் ஒன்லி இஃப்’ என்பதோ இரு திசையிலும் செல்லும் உறுதி. இது நினைவூட்டும் இன்னொன்றும் உண்டு: ‘ஒன்லி கிராஜுவேட்ஸ் மே அப்ளை’ என்றால் பட்டதாரி அல்லாதவர் விண்ணப்பிக்க முடியாது என்று பொருளே தவிர, எல்லாப் பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு என்ற உறுதிமொழி அதில் இல்லை.

‘ஐ ரேன் டு த ஸ்டேஷன் ஒன்லி டு ஃபைண்ட் த டிரெயின் ஹேட் கான்’ என்பதை, ரயில் போய்விட்டதைக் காண்பதற்காகவே ஓடினேன் என்று மொழிபெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே நோக்கம் எதுவும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் ரயில் போய்விட்டிருந்தது என்ற ஏமாற்றமே பொருள். ‘ஒன்லி டூ ஹேப்பி’ என்பதும் குறைவைச் சொல்வதன்று. மிக்க மகிழ்ச்சி என்பதே அதன் பொருள். ‘ஹீ ஒன்லி ஜஸ்ட் பாஸ்ட்’ என்றால் மயிரிழையில் தேறினான்.

பேச்சில் ‘ஒன்லி’ இணைப்புச்சொல்லாகவும் வரும். ‘ஐ வுட் கம், ஒன்லி ஐ ஹேவ் நோ மணி’ என்றால் வருவேன், ஆனால் பணமில்லை. கடிதத்தில் அதற்குப் ‘பட்’ என்று எழுதுவதே தகும்.

பெயருக்கு முன்னால் ‘த ஒன்லி’ என்று வரும்போது அது பெயரடை, தமிழில் ‘ஒரே’. ஆனால் நம் ‘ஒரே’யிடம் எச்சரிக்கை வேண்டும். ‘ஒரே மகன்’ என்றால் ‘த ஒன்லி சன்’. ‘ஒரே பேருந்தில் வந்தோம்’ என்றால் ‘த ஸேம் பஸ்’. ‘ஒரே கூட்டம்’ என்றால் இரண்டும் இல்லை, ‘நத்திங் பட் கிரவுட்ஸ்’ போன்ற ஒன்று. தேர்வு எழுதுவோர் இதையும் குறித்துக்கொள்ளலாம்: ‘த ஒன்லி ஒன் ஆஃப் த ஸ்டூடண்ட்ஸ் ஹூ’ என்பதற்குப் பின் ‘ஹேஸ் பாஸ்ட்’ என்று ஒருமை வினை வரும், ‘ஒன்லி’ இல்லாத ‘ஒன் ஆஃப் த ஸ்டூடண்ட்ஸ் ஹூ’ என்பதற்குப் பின் ‘ஹேவ் பாஸ்ட்’ என்று பன்மை வினை வரும். முன்னதில் தேறியவர் ஒருவரே; பின்னதில் தேறியவர் பலர், அவர்களில் இவர் ஒருவர்.

மாற்றுச் சொற்கள்

அகராதியில் ‘ஒன்லி’க்கு எதிரே ஏழெட்டுச் சொற்கள் வரிசையாக நிற்கும். அவை ஒன்றுக்கொன்று மாற்றாக எல்லா இடத்திலும் நிற்க மாட்டா. ஒவ்வொன்றும் மூன்று ‘இல்லை’களில் தனக்கு உரியதையே எடுத்துக்கொள்கிறது.

‘ஜஸ்ட்’ பேச்சுக்கு உரியது, இலேசானது. ‘அதற்கு மேல் இல்லை’ என்ற பொருளில் ‘ஒன்லி’க்குப் பதிலாகத் தாராளமாக வரும், கூடவே ‘இப்போதுதான்’, ‘சரியாக’ என்ற தனிப்பொருள்களும் அதற்கு உண்டு. ‘மியர்லி’ எழுத்து நடைக்கு உரியது, ஒன்றைச் சிறிதாக்கிக் காட்டுவது: ‘மியர்லி எ ஃபார்மாலிட்டி’, வெறும் சம்பிரதாயம். ‘வேறு இல்லை’ என்ற பொருளில் ‘மியர்லி ரவி கேம்’ என்று அதைச் சொல்ல முடியாது. நம் ‘வெறும்’ அதற்கு மிக நெருங்கிய உறவு. ‘சிம்ப்ளி’ காரணத்தோடு நன்றாகச் சேரும்: ‘சிம்ப்ளி பிகாஸ்’.

‘ஸோல்லி’, ‘எக்ஸ்க்ளூசிவ்லி’ இரண்டும் ‘வேறு இல்லை’ என்பதன் அழுத்தமான, முறைசார்ந்த வடிவங்கள். பொறுப்பு, நோக்கம், காரணம் இவற்றோடு ‘ஸோல்லி’ வரும்: ‘ஸோல்லி ரெஸ்பான்சிபிள்’ என்றால் முழுப் பொறுப்பும் அவர் ஒருவரைச் சேர்ந்தது. ஒருவருக்கென்றே ஒதுக்கிவைத்ததற்கு ‘எக்ஸ்க்ளூசிவ்லி’. ‘ப்யூர்லி’ என்பதைத் ‘ப்யூர்லி பை சான்ஸ்’ என்று, முற்றிலும் தற்செயலாக என்ற பொருளில் கேட்கலாம். ‘ஹீ இஸ் பட் எ சைல்ட்’ என்பதில் வரும் ‘பட்’ பழைய நடை. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், எழுத வேண்டாம்.

‘அலோன்’ தனியே பேசத் தக்கது, ஏனெனில் அது ஒன்றே நம் ‘மட்டும்’ போலப் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. ‘ரவி அலோன் நோஸ்’ என்றால் ரவிக்கு மட்டுமே தெரியும். ஆனால் ‘ரவி கேம் அலோன்’ என்று வினைக்குப் பின் போனால் ரவி தனியாக, துணையின்றி வந்தான் என்று ஆகிவிடும். ‘நீ மட்டும் வா’ என்பதை ‘யூ அலோன் கம்’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். ‘கம் பை யுவர்செல்ஃப்’ என்பதே பொருந்தும்.

எண்ணோடு வரும்போது ‘நோ மோர் தேன் டென்’ என்பது ‘ஒன்லி டென்’ என்பதற்குச் சமம். பத்துதான், குறைவு என்ற உணர்வு அதில் இருக்கிறது. ‘நாட் மோர் தேன் டென்’ என்றால் அதிகபட்சம் பத்து, எட்டாகவும் இருக்கலாம். ‘பேர்லி’, ‘ஹார்ட்லி’ இரண்டும் இன்னும் கீழே இறங்குகின்றன: ‘ஹார்ட்லி டென்’ என்றால் பத்துகூடத் தேறுமோ என்ற ஐயம்.

கையில் எழுதுகோல் இருந்தால் இந்த மூன்றையும் முயன்று பாருங்கள்: ‘ஐந்து பேர்தான் வந்தார்கள்’, ‘ஆமாம், அந்த ஐந்து பேர்தான்’, ‘ஐந்து மணிக்குத்தான் வந்தார்கள்’. முதலாவதில் ‘அதற்கு மேல் இல்லை’ இருக்கிறது: ‘ஒன்லி ஃபைவ் பீப்பிள் கேம்’. இரண்டாவதில் விலக்குவதற்கு ஒன்றும் இல்லை: ‘யெஸ், தோஸ் ஃபைவ்’ என்று ‘தோஸ்’ என்பதை அழுத்தினால் முடிந்தது. மூன்றாவதில் தாமதத்தைச் சொல்ல நினைத்தால் ‘அதற்கு முன் இல்லை’ இருக்கிறது, ‘தே கேம் ஒன்லி அட் ஃபைவ்’ என்று எழுதலாம், ‘தே டிட் நாட் கம் அன்டில் ஃபைவ்’ என்றால் இன்னும் நன்றாக இருக்கும். சரியாக அந்த நேரத்தைச் சொல்ல நினைத்தால் ‘அட் ஃபைவ், எக்ஸாக்ட்லி’.